கயானாவுக்கு ஊர் பார்த்தது

ஒரு நாட்டைக் கண்ணால் காணாமலே, அங்கே நம் வீட்டுப் பெண்ணை அனுப்பலாமா கூடாதா என்று முடிவு சொல்லும் பொறுப்பு, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு வந்து சேர்ந்தது. அதை நான் முக்கால் பங்கு நேர்மையாகவும் கால் பங்கு நேர்மையின்றியும் நிறைவேற்றினேன். அந்தக் கால் பங்கு ஏழு மாத காலம் என்னை அரித்தது. இப்போது அது தீர்ந்துவிட்டபடியால் நிதானமாக உட்கார்ந்து எழுத முடிகிறது.

எங்கள் உறவின்முறையில் பெண் கொடுப்பதற்கு முன்னால் ‘ஊர் பார்த்தல்’ என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளை பார்ப்பதும் வீடு பார்ப்பதும் முன்கூட்டிச் சொல்லி, பலகாரத்தோடு நடப்பவை. ஊர் பார்ப்பது சொல்லாமல் நடப்பது. பெண்ணின் தாய்மாமன் ஒரு நாள் தனியாகப் பஸ் ஏறிப் போவார். மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழையமாட்டார். மூன்று வீடு தள்ளி ஒரு வாசலில் நின்று, “தாயி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி” என்பார். தண்ணீர் உப்பா நல்லதா, செம்பைக் கழுவித் தருகிறார்களா, தருகிறவர்கள் முகம் எப்படியிருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம், பொழுது சாய்ந்தபின் பெண்கள் பயமில்லாமல் தெருவில் நடக்கிறார்களா என்பதையெல்லாம் கவனித்துக்கொண்டு திரும்புவார். பிறகு உறவினர் கூடியிருக்கும் இடத்தில் சொல்லவேண்டியதைச் சொல்வார். அவர் வேண்டாம் என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது.

இப்படி நான் மூன்று ஊர்கள் பார்த்திருக்கிறேன். சாத்தூர்ப் பக்கம் ஓர் ஊரில், மாப்பிள்ளையின் தகப்பனார் பெயரைச் சொன்னவுடன் டீக்கடைக்காரர் பதில் சொல்லாமல் கிளாஸ் கழுவத் தொடங்கிவிட்டார். அந்த ஒன்றுக்காகவே வேண்டாமென்று சொன்னேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான்காவதாக வந்தது கயானா.

பெண் என் தங்கையின் மகள். மருந்தாளுநர் படிப்புப் படித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்துவந்தாள். பையன் ராஜபாளையத்துக்காரர், தென் அமெரிக்காவில் கயானா என்ற நாட்டின் கடற்கரை ஊர் ஒன்றில், அரிசி ஆலையின் இயந்திரங்களுக்குப் பொறுப்பாளராக நான்கு ஆண்டுகளாக இருந்தார். தங்கையின் கணவர் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, வன்னியம்பட்டியில் விவசாயம் பார்ப்பவர். அவரை ஊரே ஹவில்தார் என்றுதான் அழைக்கும்.

“மச்சான், பையன் நல்ல பையன்” என்றார் ஹவில்தார். “குடும்பத்தையும் ராஜபாளையத்துல விசாரிச்சாச்சு. ஆனா பொண்ணு இருக்கப்போறது ராஜபாளையத்துல இல்லையே. ஊரை நீங்க பாத்துச் சொல்லுங்க.”

“மாப்ளே, அது தென் அமெரிக்கா.”

“இருக்கட்டும். நீங்கதான தாய்மாமன்?”

தங்கை உள்ளிருந்து குரல் கொடுத்தாள். “மூணு வீடு தள்ளி நின்னு தண்ணி கேக்கணும்னா அண்ணன் கப்பல்லதான் போகணும். போயிட்டு வரதுக்குள்ள பொண்ணுக்கு நரை விழுந்துரும்.”

ஹவில்தார் சிரிக்கவில்லை. அவரது தயக்கத்தின் காரணத்தை நான் அறிவேன். பட்டாளத்தில் இருந்தபோது, வடக்கே ஒரு கடற்கரை ஊரில் வெள்ள மீட்புக்குப் படகில் போனவர் அவர். அங்கே கண்டதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினார். அதையும் பாதியில் நிறுத்திக்கொண்டு மாட்டைப் பார்க்க எழுந்துபோய்விட்டார். அதற்குப்பின் குடும்பத்தோடு எந்தக் கடற்கரைக்கும் அவர் சென்றதில்லை. திருச்செந்தூருக்குப் போனால்கூடக் கோயிலுக்குள்ளேயே நின்றுவிட்டுத் திரும்புவார்.

மறுநாள் மருந்துக்கடையில் இரத்த அழுத்த மாத்திரையை எடுத்துக்கொடுத்தபடியே பெண் மெல்லச் சொன்னாள்: “மாமா, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. அம்புட்டுதான் நான் சொல்லுவேன். அப்பா நீங்க சொன்னாத்தான் கேப்பாரு.” பின்னால் நின்ற ஆள் இருமல் மருந்து கேட்டதனால் பேச்சு அத்தோடு நின்றது. அவள் என்னிடம் எதையும் வேண்டிக்கொண்ட பழக்கமில்லை. ஆதலால் அந்த மூன்று வாக்கியங்களும் எனக்கு ஒரு மனுவைப் போலத் தோன்றின.

ராஜபாளையத்தில் நூற்பாலையொன்றின் கிடங்கில் நூல் எடை போடும் வேலையில் இருந்தவன் நான். தினமும் பஸ்ஸில் போய்வரும் நேரத்தில் படித்ததுதான் என் படிப்பு. ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நூலகத்துக்குப் போய் மேசைமேல் புத்தகத்தை விரித்துவைத்துக் குறிப்பெடுப்பதே என் முறை. அங்கிருந்த நூலகர் அம்மையார், நான் கேட்டதும் உலக வரைபடப் புத்தகத்தைத் தூசி தட்டிக் கொடுத்தார். “பேரன் பேத்திக்குப் பாடமா ஐயா?” என்றார். “இல்லை, சம்பந்தம் பேச” என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

முதலில் என்னை மகிழ்வித்தது அட்சரேகை. தென் அமெரிக்காவின் வடகிழக்குத் தோளில், அட்லாண்டிக் கடலைப் பார்த்தபடி இருக்கிறது கயானா. மேற்கே வெனிசுவேலா, தெற்கே பிரேசில், கிழக்கே சுரினாம். ஆனால் பூமத்தியரேகையிலிருந்து பார்த்தால் அது நமக்குச் சற்றே தெற்கே, ஏறக்குறைய நம்முடைய வரிசையில்தான் இருக்கிறது. வரைபடத்தின்மேல் அடிமட்டத்தை வைத்து, செண்பகத்தோப்புக்கு மேலே நிற்கும் நம் மலையிலிருந்து மேற்கு நோக்கிக் கோடு இழுத்தேன். அது அரபிக்கடலையும் ஆப்பிரிக்காவையும் கடந்துபோய்க் கயானாவின் தலைக்குச் சற்று மேலே முட்டியது. அங்கே விழும் வெயிலும் இங்கே விழும் வெயிலும் ஒரே சரிவில் விழுபவை என்று தெரிந்தபோது, நாடு பாதி தூரம் அருகில் வந்துவிட்டது.

பரப்பளவில் தமிழ்நாட்டைவிடப் பெரியது; மக்கள்தொகையோ பத்து லட்சத்துக்கும் குறைவு. நாட்டின் பெரும்பகுதி காடு. மக்களில் பெரும்பாலோர் கடற்கரையோரம் ஒரு குறுகிய பட்டையில் வாழ்கிறார்கள். தலைநகரம் ஜார்ஜ்டவுன், தெமெராரா என்ற ஆற்றின் முகத்தில் இருக்கிறது. அதைவிடப் பெரிய எஸிக்வீபோ ஆற்றின் வாய் கடலில் சேருமிடத்தில், நடுவில் தீவுகள் கிடக்குமளவுக்கு அகலமாம். ஆட்சிமொழி ஆங்கிலம். வண்டிகள் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓடுகின்றன. மழைக்காலம் ஆண்டுக்கு இரண்டு. நெல்லும் கரும்பும் முக்கிய விளைபொருள்கள். அக்கடலின் பெரும்புயல்கள் போகும் பாதை நாட்டுக்கு வடக்கே விலகிப்போகிறதென்று படித்தபோது, அதைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன்; ஹவில்தாருக்காக.

தண்ணீர் கேட்கும் கடமை மிச்சமிருந்தது. ஒரு மாலையில் பையனைக் கைபேசியில், முகம் தெரியும்படி அழைத்தேன். இங்கே மாலை ஐந்தென்றால் அங்கே காலை ஏழரை.

“தம்பி, போனைக் கையில எடுத்துக்கிட்டு வெளிய வாங்க. மூணு வீடு தள்ளிப் போய் அங்க தண்ணி கேளுங்க. நான் பாக்கணும்.”

அவர் ராஜபாளையத்துக்காரர் அல்லவா, ஏனென்று கேட்கவில்லை. கட்டைகளின்மேல் உயரமாக நின்ற ஒரு மரவீட்டின் படிக்கட்டருகே நின்று குரல் கொடுத்தார். கவுன் அணிந்த ஒரு மூதாட்டி கண்ணாடித் தம்ளரைத் தட்டின்மேல் வைத்துக் கொண்டுவந்தார். மழைநீரைப் பெரிய கறுப்புத் தொட்டியில் பிடித்துவைத்துக் குடிப்பது அங்கே வழக்கமாம். அந்த அம்மையாரின் முன்னோர்கள் மதராஸில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்து வேலைக்குப் போனவர்கள். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் மாரியம்மனைத் தெரியும். கைபேசிக்குள்ளிருந்து ஒரு கிழவன் தம்மை உற்றுப்பார்ப்பது எதற்கென்று கேட்டார். பையன் விளக்கினார். அவர் வாய்விட்டுச் சிரித்து ஏதோ நீளமாகச் சொன்னார்.

“என்ன சொல்றாக தம்பி?”

பையன் சற்றுத் தயங்கினார். “நல்ல பையன்தான்னு சொல்றாங்க ஐயா. ஆனா ஞாயித்துக்கிழமை துணியைக் கொடியில மழையில நனைய விட்டுட்டுத் தூங்குவானாம். நாலு தடவை அவங்கதான் எடுத்து வச்சாங்களாம்.”

தன் குறையைத் தானே மொழிபெயர்த்துச் சொல்கிற பையனைவிட வேறென்ன வேண்டும்? என் மனத்தில் முடிவாகிவிட்டது. அப்போதுதான் அந்த அம்மையாருக்குப் பின்னால், தெரு முடிகிற இடத்தில், நீண்ட கான்கிரீட் சுவர் ஒன்று கண்ணில்பட்டது.

“அது என்ன காம்பவுண்டு?”

“கடல் சுவர் ஐயா. கடல் ஏத்தமா இருக்கும்போது தண்ணி மட்டம் எங்க தரையைவிட மேல இருக்கும். இந்தக் கரையோரம் பூராவுமே அப்படித்தான். டச்சுக்காரங்க காலத்துலருந்து சுவர் கட்டித்தான் குடியிருக்காங்க. இதை ஹவில்தார் மாமாகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா ஒரு மாதிரியா இருக்கும்.”

சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டேன். நூலகத்தில் மறுபடி தேடியபோது அது மெய்யென்று தெரிந்தது. கரையோரப் பட்டை, கடல் ஏற்றத்தின் மட்டத்துக்கு ஓர் ஆள் இடுப்பளவு கீழே கிடக்கிறது. மழை ஓயாமல் பெய்த ஒரு பருவத்தில், வாரக்கணக்கில் தண்ணீர் வடியாமல் வீடுகளைச் சூழ்ந்து நின்றதும் உண்டு. இவற்றை ஒரு தனித்தாளில் எழுதினேன். எழுதிய தாளைக் குறிப்பேட்டில் ஒட்டவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வன்னியம்பட்டி வீட்டில் உறவினர் கூடினார்கள். குறிப்பேட்டை விரித்து வாசித்தேன். பெண்கள் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார்கள்.

“புழுங்கலரிசி கிடைக்குமா?”

“கிடைக்கும். அவர்கள் விளைவித்து வெளிநாட்டுக்கே அனுப்புகிறார்கள்.”

“பாம்பு உண்டா அண்ணாச்சி?”

“காட்டில் உண்டு. தண்ணீரில் கிடக்கும் பெரிய மலைப்பாம்பு இனமொன்று...”

“ஏ அண்ணே, அதை வாசிக்காதீக!” என்றாள் தங்கை. “கேட்டது கேட்டாச்சு. அடுத்த பக்கத்துக்குப் போங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். ஹவில்தார் மட்டும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தவாறே, பட்டாளத்து வழக்கப்படி நிலத்தைப் பற்றிக் கேட்டார்.

“கடல் எம்புட்டு தூரம் மச்சான்?”

“நடந்துபோகிற தூரம்தான்.”

“தரை எப்படி? மேடா, பள்ளமா?”

பெண் அடுக்களை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் காபித் தட்டு இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சமதரை” என்றேன்.

அது பொய்யன்று. நெல் விளையும் தரை சமமாகத்தான் இருக்கும். ஆயினும் கேட்டவர் எதைக் கேட்டார் என்பதும், நான் எதை விடுத்தேன் என்பதும் எனக்குத் தெரியும். ஹவில்தார் தலையசைத்தார். “அப்பச் சரி. மேற்கொண்டு பேசலாம்.” குலவைச் சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும்.

தை மாதம் ராஜபாளையத்தில் திருமணம். பங்குனியில் பெண் விமானம் ஏறினாள். தினந்தோறும் மாலை நாலரை மணிக்கு, அவளுடைய காலைப் பொழுதில், தாய் தகப்பனை அழைத்துப் பேசுவாள். வாரத்தில் இரண்டு நாள் என்னையும் அழைப்பாள். சுவரோரம் காலார நடப்பதையும், மாம்பழம் வாங்குவதையும், மூன்று வீடு தள்ளியிருந்த அம்மையாரிடம் மரவள்ளிக் கிழங்கு சமைக்கக் கற்றதையும் சொல்வாள். நான் கேட்டுக்கொண்டே அவளுக்குப் பின்னால் தரை ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். என் மனைவி, “பிள்ளை முகத்தப் பாக்காம தரையப் பாத்துக்கிட்டு இருக்கீகளே” என்று கடிந்துகொண்டதுண்டு.

என்னை அதிகம் வருத்தியது வெள்ளம்கூட அன்று. ஏதாவது நேர்ந்தால், பையன்தான் உண்மையை மறைத்தார் என்று ஹவில்தார் நினைப்பார். நேர்மையாகச் சொன்னவர்மேல் பழி விழும். நினைக்க நினைக்க அதுதான் நெஞ்சில் நின்றது.

வைகாசி பிறந்தது. அங்கே பெருமழைக்காலத்தின் தொடக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை அழைப்பு வரவில்லை. நாங்கள் அழைத்தாலும் போகவில்லை. பையனின் எண்ணும் அப்படியே. புதன்கிழமையும் அவ்வாறே கழிந்தது. வியாழனன்று மதியமும் அழைத்துப் பார்த்தேன், போகவில்லை. குறிப்பேட்டையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து நடந்துவந்து வன்னியம்பட்டிக்குப் பஸ் ஏறினேன். சட்டைப் பையிலேயே கிடந்து மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது அந்தத் தாள்.

ஹவில்தார் முற்றத்தில் நின்றிருந்தார். சவரம் செய்யாத முகத்தோடு அவரை நான் பார்த்ததேயில்லை, அன்று பார்த்தேன். தங்கை கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

“மாப்ளே, ஒன்று சொல்லவேண்டும். உட்காருங்கள்” என்றேன்.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார். தரை கடல் மட்டத்துக்குக் கீழே என்பதையும், சுவரையும், முன்பொரு முறை தண்ணீர் வடியாமல் நின்றதையும் சொன்னேன். “பையன் அன்றே என்னிடம் சொல்லிவிட்டார். உங்களிடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். மறைத்தது நான். அவர்மேல் குற்றமில்லை” என்று முடித்தேன். தாளை நீட்டினேன். அவர் அதை வாங்காமல் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தரை எப்படின்னு உங்ககிட்டக் கேட்டேனே மச்சான்” என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நாலரை ஆயிற்று. ஐந்தும் ஆயிற்று. ஐந்து மணி தாண்டிய பிறகு தங்கையின் மடியில் கைபேசி ஒலித்தது. அவள் பதற்றத்தில் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டாள். பெண்ணின் முகம் தலைகீழாகத் தெரிந்தது, சிரித்த முகம்.

“எம்மா, கரண்டு போச்சு, டவரும் போச்சு. ரெண்டு நாளா போன் செத்துக் கிடந்துச்சு. பயந்துட்டீகளா?”

“ஏட்டி, ஒனக்கு நல்லாருக்கா! இங்க மனுசருக்கு உசுரே இல்ல” என்று திட்டிக்கொண்டே தங்கை அழத் தொடங்கினாள்.

ஹவில்தார் கைபேசியை வாங்கினார். “தண்ணி வந்துச்சா?”

“முத்தத்துல கணுக்கால் அளவு நின்னுச்சுப்பா. மழை பெஞ்ச நேரம் கடல் ஏத்தம். அதனால கதவை மூடி வச்சிருந்தாக. கடல் இறங்கவும் தொறந்து விட்டாக. வடிஞ்சு போச்சு.”

“என்ன கதவு?”

“இருங்க, காட்டுறேன்.” அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாய்க்கால் ஓரமாக நடந்தாள். சுவரில் ஒரு திறப்பு தெரிந்தது. இரண்டு உயரமான தூண்கள், குறுக்கே ஒரு விட்டம், அதில் சக்கரமும் சங்கிலியும், கீழே கனத்த பலகைக் கதவு. அருகில் ஒரு சிறு அறை. அதன் வாசலில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் ஆள் டீ குடித்துக்கொண்டிருந்தார். “இதுக்குக் கோக்கர்னு பேருப்பா. கடல் இறங்கினா இவர் சக்கரத்தைச் சுத்திக் கதவைத் தூக்குவாரு. ஏறினா இறக்கிருவாரு. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை.”

ஹவில்தார் கைபேசியை முகத்தருகே கொண்டுபோனார். “அதக் கிட்டக்கக் காட்டு. பலகை எம்புட்டு கனம்? அடியில கசியுதா?” மருமகனின் குரல் பின்னாலிருந்து பதில் சொன்னது. “அந்த ஆள் ஊருக்குப் போயிட்டா யாரு பாப்பாக?” மாற்று ஆள் உண்டென்றார் மருமகன். “சுத்தச் சொல்லுங்க, பாப்போம்.” கடல் ஏறிக்கொண்டிருக்கிறது, இப்போது தூக்கினால் ஊருக்குள் தண்ணீர் வந்துவிடும் என்று சிரித்தார் அவர். ஹவில்தாரும், இரண்டு நாளில் முதல் தடவையாக, உதட்டோரம் நெகிழ்ந்தார்.

“மடை” என்றார் என்னிடம் திரும்பி. “மச்சான், அது மடை.”

தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “இதுக்காண்டியா ரெண்டு ஆம்பளைகளும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறீக? இந்த வீடு என்ன மலைமேலயா இருக்கு? கண்மாய்க் கரைமேல ஏறி நின்னா நம்ம வீட்டு ஓடு காலுக்குக் கீழ தெரியுது. கண்மாய் பெருகுனா தண்ணி நம்ம தலைக்கு மேலதான் நிக்குது. அன்னைக்கெல்லாம் குறட்டை விட்டுத் தூங்குவாரு இவரு!”

“அது வேற” என்றார் ஹவில்தார். “கண்மாய்க்கு மடை இருக்கு. மடைக்கு ஆள் இருக்கு.”

“அங்க டீ குடிக்கிறது யாரு, உங்க ஒண்ணுவிட்ட தம்பியா?”

அந்த ஊர் எந்நேரமும் கடலின் வாயில் கிடப்பதாகவே ஏழு மாதம் எண்ணியிருந்தேன். எங்கள் தரையிலும் தலைக்கு மேலே தண்ணீரை நிறுத்திவைத்துக்கொண்டு, கீழே பிள்ளை பெற்று, நாற்று நட்டு, பந்தல் போட்டுத்தான் வாழ்ந்திருக்கிறோம். வரைபடத்தில் கோடு இழுக்கத் தெரிந்த எனக்கு அது தோன்றவில்லை. படியில் உட்கார்ந்திருந்த தங்கை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

பேசி முடித்துக் கைபேசியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு ஹவில்தார் என்னிடம் வந்தார். “அன்னைக்கே சொல்லியிருந்தா நான் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன் மச்சான்.”

“தெரியும்.”

“சொல்லாம விட்டது தப்புதான்.”

“தப்புதான் மாப்ளே.”

“சரி, அந்தத் தாளை வாசிங்க. முழுசா வாசிங்க. நோட்டுல இருக்க அந்தப் பாம்புப் பக்கத்தையும் சேத்து.”

படியில் உட்கார்ந்து வாசித்தேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கடலின் ஏற்றமும் இறக்கமும் நாளுக்கு நாள் முக்கால் மணிக்கு மேலாகத் தள்ளிப்போகும் என்ற இடத்தில் மட்டும் நிறுத்தச் சொல்லி, தங்கையிடம் நாட்காட்டியை எடுத்துவரச் சொன்னார். அதன் ஓரத்தில் அன்றைய தேதிக்கு நேரே மடை திறக்கும் நேரத்தை எழுதினார்.

இப்போது தினமும் நாலரை மணிக்கு அவர் மகளிடம் முதலில் கேட்பது, “மடை திறந்தாச்சா?” என்பதுதான். சாப்பிட்டாயா என்பது இரண்டாவது. மழை பெய்தால் அந்த மடைக்காரரை அழைத்து முகத்தைக் காட்டச் சொல்கிறார். இருவரும் மொழி தெரியாமலே கையை உயர்த்திக்கொள்கிறார்கள். நான் அங்கே இருக்கும் நாட்களில் எனக்குக் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமிருப்பதில்லை. பெண்ணின் முகத்தை மட்டும் பார்க்கிறேன். சற்றுச் சதை போட்டிருக்கிறாள்.